சிங்கப்பூர் வரைக்கும் தேங்காய் தட்டியது

இன்று பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து, சிங்கப்பூர் வியாபாரிக்கு இன்டர்நெட் போனில் தேங்காய் தட்டிக் காட்டினேன்.

அவர் சொந்த ஊர் நம்ம அந்தியூர்தான். காயைத் தட்டிச் சத்தம் கேட்காமல் லோடு எடுக்கமாட்டார்.

"ஏனுங்க, பொத்து பொத்துன்னு கேக்குது. எல்லாம் அழுகலாட்ட இருக்குது, வேண்டாமுங்க" என்றார்.

சென்டர்காரரைப் பிடித்தேன். "உங்க போனு என் காயைக் கெடுத்துப்போட்டுதுங்க!"

அவர் ஃபேனை நிறுத்தினார். மைக்கைக் காயோடு ஒட்டி வைத்தார். பக்கத்துக் கம்ப்யூட்டர்களில் பாட்டு இறக்கி லைனை அடைத்துக்கொண்டிருந்த நாலு பேரையும் எழுப்பி வெளியே அனுப்பினார்.

மறுபடி தட்டினேன்.

"இப்பக் கணீர்னு இருக்குதுங்க. லோடை அனுப்பிப்போடுங்க!"

போன் சத்தத்தை அளக்கத் தேங்காயைவிட நல்ல கருவி உங்களிடம் இருந்தால் எழுதுங்கள்.

இனிமேல் பேசப்போகும் போன்களுக்குச் சென்டர்காரரோடு பேசி முடித்தது இது: நிமிஷத்துக்குப் பத்து ரூபாய். நான் பேசி முடிக்கும்வரை அந்த நாலு பேரும் டீக்கடையில் இருக்க வேண்டும். டீ அவர் செலவு, போண்டா என் செலவு.