ஞாயிறு மதியம் திறக்காத பட்டன்

ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். ஐஸ் கம்பெனி ஆபீசில் போன் எடுக்கச் சேர்ந்து, செல்போனில் வீடியோ பார்த்துப் பார்த்து ஒரு வலைப்பக்கம் செய்தேன். விசைப்படகுக்காரர்கள் மறுநாளைக்கு எத்தனை ஐஸ் பார் வேண்டும் என்று அதில் போடலாம்.

முதல் வாரமே எனக்கு ஒரு பயம். யாராவது ஞாயிற்றுக்கிழமைக்கு ஐஸ் கேட்டுவிட்டால்? எங்கள் கரையில் ஞாயிறு யாரும் கடலுக்குப் போவதில்லை, சர்ச்சில் பூசை நாள். கேட்க ஆளே இல்லாத நாளுக்குத்தான் அவ்வளவு பயம். சனிக்கிழமை பூராவும் ஆர்டர் பட்டன் மூடியிருக்கும்படியும், ஞாயிறு மதியம் இரண்டு மணிக்குத் திங்களுக்காகத் திறக்கும்படியும் ஸ்கிரிப்ட் எழுதினேன்.

மூடுவதற்குப் பட்டனில் 'டிசேபிள்டு' என்று சேர்த்து, அதற்கு 'ட்ரூ' கொடுத்தேன். மூடியது. திறக்க, அதையே 'ஃபால்ஸ்' என்று மாற்றச் சொன்னேன். இதில் என்ன தப்பு வந்துவிடப் போகிறது?

ஞாயிறு மூன்று மணிக்கு ஒரு படகுக்காரர் போன் போட்டார்.

"ஏளா, அமுக்கி அமுக்கி வெரலு தேஞ்சிட்டு. பட்டன் சாம்பக் கலர்லயே கெடக்கு. ஒன் பக்கத்துக்கு இன்னும் பூச முடியலியா?"

நாலு மணிக்குள் ஆர்டர் வராவிட்டால் மேனேஜர் இருக்கிற ஐஸை வெளியூர் மீன் லாரிகளுக்கு ஏற்றிவிடுவார். திங்கள் விடியலில் படகுகள் ஐஸ் இல்லாமல் நிற்கும். போன் ஆர்டரே வேண்டாம் என்று மேனேஜரிடம் அடம்பிடித்து நிறுத்தியதும் நான்தான்.

'ஃபால்ஸ்' இருந்த இடத்தில் 'நோ' போட்டேன். அசையவில்லை. ஒன்றும் போடாமல் விட்டேன். அப்போதும் மூடித்தான் கிடந்தது. எரிச்சலில் 'சாளை' என்று மீன் பெயரைப் போட்டேன். அதற்கும் அதே சாம்பல். எனக்கு இது என்னடா என்று பார்க்கும் ஆசை வந்துவிட்டது. என்ன கொடுத்திருக்கிறோம் என்று பிரவுசர் படிக்கவே இல்லை! 'டிசேபிள்டு' பட்டனில் இருக்கிறதா, இல்லையா? அதற்கு அவ்வளவுதான் வேண்டும். இருந்தால் மூடல்.

மாற்றாதே, அடியோடு எடுத்துவிடு என்று ஸ்கிரிப்டில் எழுதினேன். பட்டன் நீலமானது.

நம்பிக்கை வராமல், ஏதோ ஒரு எண்ணைப் போட்டு நானே ஒரு தடவை அமுக்கிப் பார்த்தேன். பிறகு இன்னொரு தடவை. நாலு மணிக்குள் ஆர்டர்கள் மளமளவென்று வந்து விழுந்தன.

மேனேஜர் கூப்பிட்டார். "லாரிய நிப்பாட்டிட்டேன், எல்லாருக்கும் ஐஸ் உண்டு. ஒன் பேர்லயும் அம்பது பார் ரெண்டு தடவ வந்திருக்கு. ஏளா, நீ எப்பளா படகு வாங்குன?"