நாலு மணிக்கு அந்த அறையில் உட்கார்ந்தவர்

பேய்க் கதை என்றால் ராத்திரி பன்னிரண்டு மணிக்குத்தான் நடக்க வேண்டும் என்று எவன் சட்டம் போட்டானோ தெரியாது. இது நடந்தது பட்டப்பகலில், சாயங்காலம் நாலு மணிக்கு. முக்கால்வாசி என் மச்சானுக்கு நடந்தது, கால்வாசி எனக்கே நடந்தது. நான் கணக்கு வாத்தியார். இல்லாததைச் சொல்லிப் பழக்கமில்லை. நம்பினால் நம்புங்கள், இல்லாவிட்டால் போங்கள். ஆனால் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை.

என் மச்சான், அதாவது என் மனைவியின் தம்பி, சைக்காலஜிஸ்ட். பெரிய மனநல மருத்துவமனை ஒன்றில் வேலை. அங்கே எல்லோருக்கும் அவன் 'சைக்காலஜி சார்'. நல்லவன்தான். ஆனால் பயந்தாங்கொள்ளி. யாராவது எதிரில் அழுதால் இவனுக்கு உடனே அவசரமாக வெளியே ஒரு வேலை வந்துவிடும். இப்படிப்பட்ட ஆள் எப்படி அந்த வேலைக்குப் போனான் என்று நானும் கேட்டிருக்கிறேன். சிரிப்பான்.

அந்த மருத்துவமனையில் ஒரு அம்மா இருந்தார். முன்பு பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தவர் என்பதால் வார்டில் 'டீச்சர்' என்று பெயர். இரண்டு வருஷமாக ஒரு வார்த்தை பேசவில்லை. யாரோ உள்ளேயிருந்து உத்தரவு போடுவதுபோல் வாயை இறுக மூடிக்கொண்டே இருப்பார். மருந்து கொடுத்தால் தூங்கினார், சாப்பிட்டார். பேச்சு மட்டும் வரவில்லை. காரணம் யாருக்கும் தெரியாது.

பெரிய டாக்டர் மச்சானைக் கூப்பிட்டார்.

"மருந்து அதோட வேலையைச் செஞ்சிடுச்சு. இனிமே அவங்களுக்கு ஒரு மனுஷன் வேணும். திங்களும் வியாழனும் நாலு மணிக்குப் போங்க, நாலு அம்பது வரைக்கும் எதிர்ல உக்காருங்க. பேசலைன்னாலும் உக்காருங்க. வர்றேன்னு சொன்ன நேரத்துக்கு வர்றீங்க பாருங்க, அதான் வைத்தியம்."

அந்த அறை நீளமான வராந்தாவின் கடைசியில் இருந்தது. இரண்டு நாற்காலி, ஒரு ஜன்னல், டக் டக் என்று சத்தம் போடும் ஒரு மின்விசிறி. ஆயா நாலு மணிக்கு டீச்சரைக் கொண்டுவந்து உட்கார வைத்துவிட்டுப் போவார். மச்சான் பின்பக்கப் படிக்கட்டு வழியாக வந்து சேர வேண்டும். நாலு ஐம்பதுக்கு ஆயா திரும்பி வருவார்.

நாலு வாரம் ஒழுங்காகப் போனான். டீச்சர் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். கண் இமைப்பதுகூடக் குறைவு. ஐம்பது நிமிஷம் ஒரு சத்தமும் இல்லாமல் ஒரு மனுஷி உங்களைப் பார்த்துக்கொண்டிருந்தால் எப்படி இருக்கும்? அவனுக்கு வியர்த்துக் கொட்டியதாம்.

ஐந்தாவது வாரம் வியாழக்கிழமை கம்பி நீட்டினான். கீழ்த்தளத்தில் பழைய கோப்புகள் வைக்கிற அறை. நாலு மணிக்கு அதற்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். நாலு ஐம்பதுக்கு வெளியே வந்து நோட்டில் எழுதினான்: 'நோயாளி அமைதியாக இருந்தார். நானும் அமைதியாக அமர்ந்திருந்தேன்.'

யார் கேட்கப் போகிறார்கள்? பார்த்த ஒரே சாட்சி வாய் பேசாதவர்.

"அவங்க தனியா அம்பது நிமிஷம் அந்தக் காலி நாற்காலியப் பார்த்துட்டு உக்காந்திருந்திருப்பாங்க மாமா. அதை நினைச்சா எனக்கு இப்பவும் உடம்பு கூசுது" என்றான் என்னிடம். கூசத்தான் வேண்டும். மானங்கெட்ட வேலை.

ஆனால் ஒரு தடவை தப்பினவனுக்கு அடுத்த தடவை சுலபம். அடுத்த திங்களும் போகவில்லை, வியாழனும் போகவில்லை. ஒவ்வொரு தடவையும் 'அமைதியாக இருந்தார்' என்றே எழுதினால் சந்தேகம் வருமே என்று கொஞ்சம் ஜோடித்தான். 'இன்று நாற்காலியை அரை அடி முன்னால் இழுத்துப் போட்டேன். அவர் விலகவில்லை.' அதற்கடுத்த திங்கட்கிழமை துணிச்சல் கூடிவிட்டது. 'குடிக்கத் தண்ணீர் கேட்டார்' என்று எழுதிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டான்.

மறுநாள் காலை ஒன்பது மணி. வார்டு நர்ஸ் ஓடி வந்தார்.

"சார்! டீச்சர் நேத்து வாயைத் தொறந்து தண்ணி கேட்டாங்களாமே! ரெண்டு வருஷத்துல முதல் வார்த்தை! உங்க கைராசியே ராசி சார்."

நோட்டைப் படித்துவிட்டுச் சொல்கிறார் என்று நினைத்தான். சிரித்து வைத்தான்.

"யாரு சொன்னா சிஸ்டர்?"

"என்ன சார், நீங்கதான வந்து எங்கிட்ட தம்ளர் கேட்டீங்க? நாலு இருபத்தஞ்சுக்கு. நான்தான பானையில மொண்டு குடுத்தேன்!"

நாலு இருபத்தைந்துக்கு அவன் கோப்பு அறையில் இருந்தான். கதவு உள்பக்கம் தாழ்.

இந்த இடத்தில் ஒரு நேர்மையான மனிதன் என்ன செய்திருப்பான்? ஓடிப்போய்ப் பெரிய டாக்டரிடம் உண்மையைச் சொல்லியிருப்பான். என் மச்சான் என்ன செய்தான் தெரியுமா? "ஆமா ஆமா, மறந்துட்டேன்" என்றான்.

அந்த வியாழக்கிழமை அறையை எட்டிப் பார்த்தான். யாரும் இல்லாத நேரம், மத்தியானம் இரண்டு மணி. அவனுடைய நாற்காலி அரை அடி முன்னால் இருந்தது.

பிறகு அவனுக்குப் போகவே பயம். இன்னும் மூன்று வாரம் கோப்பு அறை. இப்போது நோட்டில் கற்பனை செய்ய வேண்டிய அவசியமும் இல்லை. நர்ஸ் வந்து சொல்வதை எழுதினால் போதும். டீச்சர் தலை வாரிக்கொண்டார். டீச்சர் ஆயாவைப் பார்த்துச் சிரித்தார். நாலு மணிக்கு அந்த அறையிலிருந்து பேச்சுச் சத்தம் கேட்கிறது, இரண்டு குரல்.

மாதாந்திரக் கூட்டத்தில் பெரிய டாக்டர் அவனை எழுந்து நிற்கச் சொன்னார். எல்லோரும் கை தட்டினார்கள். "ஒரு மனுஷன் நம்பி உக்காந்தா என்ன நடக்கும்னு பாருங்க" என்றார் பெரிய டாக்டர். பூமி பிளந்து உள்ளே போய்விட மாட்டோமா என்று இருந்ததாம் அவனுக்கு. ஆனால் பூமி பிளக்கவில்லை. கைதட்டலை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தான்.

அன்று ராத்திரி அவன் தூங்கவில்லை. மறுநாள் வியாழன். என்ன ஆனாலும் சரி, போவது என்று முடிவு செய்தான்.

மூன்று ஐம்பத்தெட்டு. பின்பக்கப் படிக்கட்டு ஏறினான்.

வராந்தாவில் யாரும் இல்லை. அறைக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே மின்விசிறி... டக்... டக்...

அப்புறம் ஓர் இருமல்.

ஆண் இருமல். வறட்டு இருமல். அது அவனுடைய இருமல்.

நாலு மூன்று. கதவைத் திறந்தான்.

டீச்சர் மட்டும் இருந்தார். எதிர் நாற்காலி காலி. அவன் மெதுவாகப் போய் அதில் உட்காரக் குனிந்தான்.

"அங்க உக்காராதீங்க" என்றார் டீச்சர். "ஆள் இருக்கு."

அப்படியே நின்றான்.

நாற்காலி முனகியது. பாரம் நீங்கும்போது வருமே, அந்தச் சத்தம்...

"எந்திரிச்சிட்டார். இப்ப உக்காருங்க."

உட்கார்ந்தான். இருக்கை சூடாக இருந்தது.

பின்னால் கதவு திறந்தது. சாத்திக்கொண்டது.

நாலு ஏழு.

"இனிமே வரமாட்டாராம்" என்றார் டீச்சர். "நீங்க வந்துட்டீங்கல்ல. அவர் இன்னொரு இடத்துக்குப் போகணுமாம்."

"டீச்சர்..." என்றான். "நான் வரவே இல்ல. ஏமாத்திட்டேன்."

"தெரியும். முதல் நாள் தனியாத்தான் உக்காந்திருந்தேன். அடுத்த நாள் அவர் வந்தார்." அவரே தொடர்ந்தார். "நான் போன்ல பேசி வச்ச அஞ்சாவது நிமிஷம் என் தம்பி வண்டியில அடிபட்டுச் செத்தான். நான் பேசினா கேக்கறவங்க செத்துப் போவாங்க. அதான் வாயை மூடினேன். அவர்கிட்ட பேசினேன். அவருக்கு ஒண்ணும் ஆகல."

இரண்டு வருஷமாக அந்த அம்மா எல்லோரையும் காப்பாற்றிக்கொண்டு இருந்திருக்கிறார். அது ஒருவருக்கும் உறைக்கவில்லை. என் மச்சான் தேம்பித் தேம்பி அழுதான்.

"பயப்படாதீங்க" என்றார் டீச்சர். "நீங்க பயந்த சுபாவம், பார்த்துக்கோங்கன்னு சொல்லிட்டுத்தான் போயிருக்கார்."

நாலு ஐம்பது வரை அவன் அங்கேயே இருந்தான்.

இனி என்னுடைய கால்வாசி.

அதே வியாழக்கிழமை. எங்கள் வீடு அந்த மருத்துவமனையிலிருந்து பஸ்ஸில் இரண்டு மணி நேரம். என் மாமனார், மச்சானைப் பெற்றவர், பதினோரு மாதமாக எங்கள் வீட்டுப் பின் அறையில் படுத்த படுக்கை. மகன் ஒரு தடவைகூட வந்து பார்க்கவில்லை. போனில் "எப்படி இருக்கார்?" என்பான், அவ்வளவுதான். "இன்னிக்கு வருவானா?" என்று கிழவர் கேட்காத நாள் கிடையாது.

நாலேகாலுக்கு வாசல் மணி அடித்தது. திறந்தேன். மச்சான்.

"இப்பத்தான் வழி தெரிஞ்சுதாடா உனக்கு?" என்று கத்தினேன்.

நேராகப் பின் அறைக்குப் போனான். நாங்கள் அந்த வீட்டுக்குக் குடிவந்த பிறகு அவன் உள்ளே கால் வைத்ததே இல்லை. எந்த அறை என்று கேட்கவும் இல்லை.

என் மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, "வந்துட்டியாடா" என்று கண் கலங்கினாள்.

நாற்காலியைக் கட்டிலுக்கு அருகே இழுத்துப் போட்டு, அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். நான் கால்மாட்டில் மாத்திரை பிரித்துக்கொண்டிருந்தேன். மாமனார் அவனையே ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு அவன் தலையைக் கிட்டே இழுத்துக் காதில் என்னவோ சொன்னார்.

நாலு முப்பத்தைந்துக்கு மூச்சு நின்றது.

என் மனைவி அலறினாள். நான் டாக்டரைக் கூப்பிட ஓடினேன். திரும்பி வந்தபோது நாற்காலி காலி.

மாடியில் போய் அழுகிறான் என்று நினைத்தோம். காணவில்லை. நாலு ஐம்பத்திரண்டுக்கு என் மனைவி அவனுக்குப் போன் போட்டாள்.

"எங்கடா போய் நிக்கிற? கீழ வாடா. கடைசி நேரத்துல பக்கத்துல இருந்தியே, அது போதும்டா அப்பாவுக்கு."

மறுமுனையில் நாற்காலியைத் தள்ளி எழுந்திருக்கும் சத்தம் கேட்டதாம். அப்புறம், "வர்றேன்க்கா" என்றான்.

ஏழு மணிக்கு வந்தான். என் மனைவி அவன் தோளைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். "உன் காதுல என்னடா சொன்னார்?"

"எல்லாரையும் பார்த்துக்கோன்னு சொன்னார்க்கா."

மூன்று மாதம் கழித்துத்தான் எல்லாவற்றையும் என்னிடம் கொட்டினான். அதற்குள் பெரிய டாக்டரிடம் உண்மையை எழுதிக் கொடுத்து, வாங்க வேண்டியதை வாங்கிக்கட்டிக்கொண்டு விட்டான். டீச்சர் வீட்டுக்குப் போய்விட்டார். அவன் அழுது முடித்துவிட்டு என் முகத்தைப் பார்த்தான்.

"மாமா, நீங்க அந்த ரூம்லதான இருந்தீங்க. அப்பா என்ன சொன்னார்னு உங்க காதுல விழுந்துதா?"

"இல்லடா" என்றேன். "விழல."

இந்த ஒன்றில்தான் நான் பொய்யன். எனக்கு நன்றாகக் கேட்டது. அன்றைக்கு, கிழவருக்குப் புத்தி தடுமாறிவிட்டது, பாவம், பெற்ற பிள்ளையையே அடையாளம் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டேன். என் மனைவிக்கும் இன்றுவரை சொல்லவில்லை.

அவர் சொன்னது இதுதான்.

"நீ என் பையன் இல்ல. பரவால்ல... உக்காரு."

சொல்லிவிட்டு, மூச்சு நிற்கும்வரை அந்தக் கையை அவர் விடவே இல்லை.