கமலக்கண்ணன் நிறுத்திய மாத்திரை

என் அக்கா பூர்ணிமாவின் கணவர் கமலக்கண்ணனை எனக்கு ரொம்பப் பிடிக்கும். அவர்மேல் தீராத கோபமும் உண்டு. சேதராப்பட்டில் பிளாஸ்டிக் மூடி செய்யும் கம்பெனியில் மெஷின் ஓட்டினார். ஒரு இடத்தில் உட்காரமாட்டார். ஞாயிற்றுக்கிழமையானால் மகள் அபியை வண்டியில் ஏற்றிக்கொண்டு எங்காவது கிளம்பிவிடுவார். காலில் சக்கரம் கட்டிய அந்த மனிதர்தான் பல மாதமாக, முதலியார்பேட்டை வாடகை வீட்டில், ஒரு அறைக்குள் அடைந்து கிடந்தார்.

வந்தது காசநோய். முதல் தடவை ஆறு மாதம் மாத்திரை கொடுத்து, ஒரு நாளும் விடக்கூடாது என்றார்கள். மாமாவும் ஒழுங்காகத்தான் போட்டுவந்தார். இருமல் நின்றது, உடம்பு தேறியது. பாதி மாத்திரை மீதி இருக்கும்போது அபிக்கு அம்மை போட்டது.

அம்மை போட்ட வீட்டில் வாசலில் வேப்பிலை செருகியிருக்கும். அடுப்பில் தாளிப்பு கிடையாது. இங்கிலீஷ் மருந்து வாசற்படி தாண்டக்கூடாது; படுத்திருக்கும் பிள்ளைக்கு மட்டுமல்ல, வீட்டில் எவருக்குமே கூடாது. அக்காவுக்கும் பயம்தான். ஆனாலும், "உங்க நோவு வேற. வெளிய போயி முழுங்கிட்டு வாங்க" என்றாள்.

"முழுங்கிட்டு வந்து புள்ளையத் தொடச் சொல்றியா? ஆத்தா கோவிச்சிக்கினா புள்ளைக்கில்ல கஷ்டம்? எனக்கு ஒண்ணும் ஆவாது" என்றார் மாமா. மாத்திரை டப்பாவைக் கொண்டுபோய் வண்டிப் பெட்டியில் போட்டுப் பூட்டினார்.

மூன்று தண்ணீர் ஊற்றி அம்மை இறங்கியது. அபி எழுந்து ஓடியாடினாள். மாமாவுக்கும் ஒன்றும் ஆகவில்லை, அதுதான் வினையாகப் போனது. மாத்திரை இல்லாமலே நன்றாக இருக்கிறோமே என்று நினைத்துவிட்டார். அதன்பிறகு இருமினால் மாத்திரை. இருமல் நின்றால் மாத்திரையும் நின்றுவிடும். சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்தது. "நீ என்னா டாக்டரா மச்சான்?" என்று சிரிப்பார். எல்லாம் செவிடன் காதில் ஊதிய சங்கு.

கொஞ்ச காலத்தில் எச்சிலில் ரத்தம் வந்தது. சளியைச் சோதித்துப் பார்த்த டாக்டரம்மா, பழைய மருந்து இனி கேட்காது என்றார்.

"கோடிக்கணக்கான கிருமில ஒண்ணு ரெண்டு பொறக்கும்போதே மருந்துக்கு அசராததா இருக்கும். எல்லா மாத்திரையும் சேத்து, விடாம போட்டா அதுவும் சாவும். நீங்க விட்டுவிட்டுப் போட்டீங்க. சாவுறது செத்துது, சாவாதது பெருகிடுச்சு. இப்ப உங்க நெஞ்சுல இருக்கிறது பூரா அதோட வாரிசுதான்."

அன்றைக்கு வீட்டுக்கு வந்து அறைக்குள் போனவர்தான், உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார். கம்பெனிக்கு மஞ்சள் காமாலை என்று சொல்லிவைத்தோம். டாக்டரம்மா ஜன்னலைத் திறந்துவைக்கச் சொல்லியிருந்தார். ஜன்னலுக்கு வெளியேதான் வீட்டுக்காரர் மாடிக்குப் போகும் படி. இருமல் அவர் காதில் விழுந்தால் காலி பண்ணச் சொல்லிவிடுவார். மாமா ஜன்னலையும் சாத்தினார். புது மாத்திரைகளில் தோல் கறுத்தது, பாதம் மரத்துப்போனது. அந்த இருட்டுக்குள் அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு நடப்பது வெளியே கேட்கும்.

அபி அந்தக் கதவில் சாய்ந்துதான் பாடம் படிப்பாள்.

"அப்பா, ஒரே ஒரு தடவ உள்ள வரேம்பா."

"எட்டிப் போ கண்ணு."

"நீ தாழ்ப்பாள எடு, நான் மூச்சு விடாம நிக்கிறேன்."

"எட்டிப் போன்னு சொன்னேன்ல!"

கத்திவிட்டு உள்ளே அழுவார். சாப்பாட்டுத் தட்டை அறை வாசலில் வைக்கும்போதெல்லாம் அக்காவிடம் கேட்பது ஒன்றேதான்: "புள்ள இருமுதா?" தன்னைப் பற்றி அவருக்கு ஒரு கவலையும் கிடையாது. கதவுக்கு அந்தப்பக்கம் நோய் போகக்கூடாது, அவ்வளவுதான்.

மழைக்காலத்தில் அபிக்குச் சாயங்காலம் தோறும் காய்ச்சல் வந்தது. பிறகு இருமினாள். நான்தான் அவளையும் அக்காவையும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். பரிசோதனையில் அவளுக்கும் அதுதான் என்று முடிவு வந்த அன்று டாக்டரம்மா முன்னால் உட்கார்ந்து மாமாவுக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தேன்.

"புள்ள ஒரு மாத்திரகூட முழுங்கல டாக்டர்," என்றார் மாமா. "அதுக்குப் பழைய மருந்தே கேக்குமில்ல?"

"கேக்காதுங்க. உங்ககிட்ட மருந்துக்குத் தப்பிச்ச கிருமிதான் அவகிட்ட போயிருக்கு. உங்களுக்குக் குடுக்கிற மருந்துதான் அவளுக்கும். நாளாகும், ஆனா குணமாக்கிடலாம்."

"நான் கதவையே தெறக்கலையே!"

"நீங்க கதவ சாத்துறதுக்கு முன்னாடியே போயிருக்கும்."

அவரைத் திட்டுவதற்கென்று எத்தனையோ வார்த்தை நான் சேர்த்துவைத்திருந்தேன். போனை வைத்துவிட்டு மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் அக்கா அந்தக் கதவைத் தட்டி, "தெறங்க, இனிமே யாருக்கு ஒளிஞ்சிக்கினு இருக்கீங்க?" என்றாள். வெகுநேரம் கழித்துத் தாழ்ப்பாள் விலகியது. அபி தன் தலையணையை அள்ளிக்கொண்டு ஓடிப்போய் அவர் கட்டிலில் ஏறினாள். அவ்வளவு சந்தோஷமாக அவளை நான் பார்த்ததே இல்லை. இருமிக்கொண்டே அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டு கேட்டாள்:

"எனக்கும் வந்துடுச்சுப்பா. இனிமே எட்டிப் போன்னு சொல்லமாட்ட இல்ல?"