கண்டமெல்லாம் மற்றவனுக்கு

என் பக்கத்து வீட்டுக்காரர் கிளவுஸ், மகளைப் பார்க்க இரண்டு நாள் வெளியூர் போவதென்றாலும், வீட்டுக்கு வரும் தண்ணீரை மூலக் குழாயிலேயே பூட்டிவிட்டுத்தான் போவார். நான் ஜெர்மனிக்கு வந்த புதிதில் ஒருநாள் சாவியை என் கையில் தந்து, "நோட்ஃபால்" என்று தொடங்கினார். அவசர நிலை என்று அர்த்தம். தான் வழியில் செத்துப்போனால் யாருக்கு அறிவிக்க வேண்டும் என்பதை, மரக்கறி வாங்கச் சொல்வதுபோல நிதானமாகச் சொன்னார். எனக்குப் பகீரென்றது. மனுஷனுக்கு ஏதோ தீராத வியாதி என்று நினைத்து, கையைப் பிடித்து, அரைகுறை ஜெர்மனில் "உங்களுக்கு ஒன்றும் நடக்காது" என்றேன். கிளவுஸ் கையை மெதுவாக விடுவித்துக்கொண்டு, "அது உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டார். உண்மையாகவே அறிய ஆசைப்பட்டுத்தான் கேட்டார்.

எங்கள் ஊர் திருகோணமலையில் இந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. அங்கே வீட்டை விட்டு இறங்குகிறவன் "போறன்" என்று சொல்லக்கூடாது, "போட்டு வாறன்" என்றுதான் சொல்லவேண்டும். சாவு, விபத்து போன்ற சொற்களை வாசலில் நின்று உச்சரித்தால் அவை செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்துவிடும். கெட்டதை வாயால் சொல்லாவிட்டால் அது நடக்காது என்பதுதான் எங்கள் காப்புறுதி. அடுத்த வீட்டுக்காரனின் கெட்ட காலத்தைப் பற்றி மட்டும் தாராளமாகக் கதைக்கலாம்.

என் அக்காவின் கணவர் அங்கே உப்புவெளியில் சொந்தப் படகு வைத்து மீன் பிடிக்கிறார். போனமுறை ஊருக்குப் போனபோது அத்தானுக்கென்று செம்மஞ்சள் நிறத்தில் ஒரு லைஃப் ஜக்கெற் கொண்டுபோனேன். தட்டிப் பார்த்தார், நல்ல சாமான் என்று மெச்சினார், அலுமாரிக்கு மேலே வைத்துவிட்டார்.

"போடுறதுக்குத்தானே கொண்டுவந்தனான், அத்தான்."

"எனக்கெதுக்கு மச்சான்? கடலும் நானும் ஒண்டா வளந்தனாங்கள். மற்றப் போட்டுக்காரருக்குக் குடுத்தாலும் பிரயோசனம். அவங்கள் காத்துப் பாக்காமப் போறவங்கள்."

கரையில் மற்றப் படகுக்காரர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். அவர் பீடியை வாயிலிருந்து எடுத்தார். "நல்ல கதை. உங்கட அத்தான்தான் காத்துப் பாக்காமப் போறவர். அவருக்குத்தான் அது தேவை."

இந்தக் கதையைக் கண்டவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரித்துக்கொண்டு ஜெர்மனிக்குத் திரும்பினேன். அந்த மாதமே மாடிப்படி ஏறும்போது நெஞ்சு இறுக்கியது. டொக்டரம்மா இதயத்தை எடுத்த படங்களையெல்லாம் பார்த்துவிட்டு, "உங்களைப் போன்ற பத்துப் பேரை எடுத்தால், அவர்களில் சிலருக்கு மாரடைப்பு வரும்" என்றார். நான் உடனே மனதுக்குள் பத்துப் பேரை எடுத்தேன். எங்கள் தமிழ்ச் சங்கத் தலைவரைப் பார்த்தாலே தெரியும். பொருளாளர் இரண்டு வடையோடு நிறுத்துகிற ஆள் இல்லை. கோயிலில் சமைக்கிறவருக்கு நின்றாலும் மூச்சு வாங்கும். மாரடைப்புக்கு ஆட்கள் நிறைந்துவிட்டார்கள், எனக்கு இடமில்லை. "மற்றவர்களைக் கவனமாக இருக்கச் சொல்லுங்கள்" என்றேன். நான் பகிடி விடுவதாக நினைத்து டொக்டரம்மா சிரித்தார். நான் பகிடி விடவில்லை.

அவர் தந்த மருந்துக் குளிசைகளை நினைவு வந்தால் போட்டேன். விஷயம் என் மனைவி வழியாக அக்காவுக்குப் போய், அத்தான் எனக்குப் போன் எடுத்தார்.

"நெஞ்சோட விளையாடாதை மச்சான். குளிசையை ஒழுங்காப் போடு."

"ஓம், போடுறன். நீங்கள் ஜக்கெற்றைப் போடுங்கோ."

"அது வேற, இது வேற."

நாங்கள் ஒருவருக்கொருவர் சொன்ன புத்தியை அவரவர் கேட்டிருந்தால் இருவரும் நூறு வயது இருப்போம். ஊருக்கு உபதேசம் என்று சும்மாவா சொன்னார்கள்.

அந்த மாரியில் ஒருநாள், காலையில் கரைக்கு வரவேண்டிய அத்தானின் படகு மத்தியானமாகியும் வரவில்லை. அக்கா போனில் அழவில்லை. "இன்னும் காணேல்ல தம்பி" என்று மட்டும் சொன்னார். நான் வேலைக்குப் போகவில்லை. அந்த மனுஷன் எனக்கு இத்தனை வேண்டியவர் என்பது அன்றுதான் எனக்கே தெரிந்தது. கவிழ்ந்த படகைப் பிடித்தபடி மிதந்த அவரைக் கிண்ணியாப் படகொன்று ஏற்றிவந்துவிட்டது என்ற செய்தி பிறகுதான் வந்தது. குசினியில், அடுப்புக்கு முன்னால் நின்று அழுதேன்.

மறுநாள் அத்தானே பேசினார். "பாத்தியே மச்சான்? அவ்வளவு நேரம் கடலுக்க கிடந்தும் ஒண்டும் நடக்கேல்ல. இனி எனக்கு ஒண்டும் வராது."

நான் வாயைத் திறக்குமுன் அக்கா போனைப் பறித்துக்கொண்டார்.

"தம்பி, நேற்று குளிசை போட்டனியோ?"

போடவில்லை. அத்தானை நினைத்துப் பயந்ததில் மறந்துபோனேன் என்றேன். அந்தப் பயத்தில் நெஞ்சு இறுக்கியதையும், அது வாய்வு என்று நானே தீர்ப்புச் சொன்னதையும் சொல்லவில்லை.

"எனக்கு ஒரு சாவுக்குத்தான் அழ ஏலும். ஆர் முந்தி எண்டு ரெண்டு பேரும் கதைச்சு முடிவெடுத்துப்போட்டுச் சொல்லுங்கோ" என்று போனை வைத்துவிட்டார். வாசலிலும் சொல்லக்கூடாத சொல்லை என் அக்கா நடுவீட்டில் நின்று சொன்னார்.

அதை நாங்கள் கதைக்கவில்லை. வேறொரு ஒப்பந்தம் செய்துகொண்டோம். அவர் பின்னேரம் கடலுக்கு இறங்கும்போது எனக்கு வேலையிடத்தில் மதியச் சாப்பாட்டு நேரம். வீடியோவில் அவர் திட்டிக்கொண்டே ஜக்கெற்றின் பட்டியை இறுக்குவார். நான் குளிசையை விழுங்குவேன். "நாக்கைத் தூக்கிக் காட்டு" என்பார். ஜெர்மன்காரர் நிறைந்த உணவுக்கூடத்தில் நாக்கைத் தூக்கிக் காட்டுவேன். அவர்களில் ஒருவர், இது உங்கள் சமய வழிபாடா என்று மரியாதையாகக் கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

எனக்கு இன்னமும் என் நெஞ்சைப் பற்றிப் பயம் வரவில்லை. அவருக்குக் கடலைப் பற்றியும் வரவில்லை. என் உயிர்ப்பயம் உப்புவெளிக் கரையில் அவரிடம் இருக்கிறது, அவருடையது இங்கே என்னிடம். வேலை முடிந்து வெளியே வந்தால் இந்த ஊரில் மழை கொட்டும். என்னிடம் குடை இருக்காது. உப்புவெளியில் காற்று எந்தப் பக்கமிருந்து வீசுகிறது என்பது மட்டும் தெரிந்திருக்கும்.