உறுதிமொழிக் குழு மலையேறி வந்த நாள்

“அக்கா, நான் இன்னா தப்பு பண்ணிட்டேன்?” என்று செல்வி அழுதுகொண்டே வந்து நின்றாள். கையில் செவன்டீன் பி மெமோ. ஒழுங்கு நடவடிக்கை என்று அர்த்தம். வேலைக்கே உலை வைக்கக்கூடியது.

செல்வி ஜவ்வாது மலைமேல் ஒரு துணை சுகாதார நிலையத்தில் நர்ஸ். நான் அப்போது செவிலியர் சங்கத்தின் வட்டாரச் செயலாளர். மேலே தங்க இடமில்லாததால் அவள் தினமும் ஒடுகத்தூரிலிருந்து பஸ்ஸில் போய், சாயங்காலம் இறங்கிவிடுவாள். அதற்குப் பிறகு வலி கண்ட பெண்களின் பாடு திண்டாட்டம்தான். குவார்ட்டர்ஸ் கட்டித் தருவதாக அமைச்சர் சட்டசபையிலேயே சொல்லியும் ஒரு செங்கல் ஏறவில்லை. மருத்துவ முகாமுக்கு வந்த எம்.எல்.ஏ.விடம், “சபையில சொன்ன குவார்ட்டர்ஸ் எங்கங்க?” என்று இவள் வெள்ளந்தியாகக் கேட்டுவிட்டாள். அரசு ஊழியர் தன் பணி விஷயத்தைத் தனியாக அரசியல்வாதியிடம் கொண்டுபோவது நடத்தை விதிப்படி குற்றம். எங்கள் மாவட்ட சுகாதார அதிகாரி அதைப் பிடித்துக்கொண்டார்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. சங்கத்தைக் கூட்டி, தீர்மானம் போட்டு, சட்டசபையின் உறுதிமொழிக் குழுவுக்கு அனுப்பினோம். அமைச்சர்கள் சபையில் கொடுத்த வாக்கு நிறைவேறியதா என்று பார்ப்பதே அந்தக் குழுவின் வேலை.

குழு மாவட்டத்துக்கு வந்தபோது எங்கள் மலையும் ஏறியது. “யாரும் வாயத் தொறக்கக் கூடாது” என்று அதிகாரி எங்களுக்கு முன்கூட்டியே சொல்லிவைத்திருந்தார். குழுத் தலைவர் காரிலிருந்து இறங்கியதும் அந்த அதிகாரியைத்தான் கேட்டார்: “சபையில சொன்ன குவார்ட்டர்ஸ் எங்க?”

அதிகாரி அவசரமாகச் சால்வையைப் பிரித்தார். நான் முன்னால் போனேன்.

“ஐயா, இப்ப நீங்க கேட்ட இதே கேள்வியக் கேட்டதுக்குத்தான் எங்க செல்விக்கு செவன்டீன் பி குடுத்துக்கிறாங்க.”

“நீங்க யாரும்மா?”

“சங்கத்தோட செயலாளர்ங்க. எங்க ஆளுங்களுக்காகப் பேச எனக்கு உரிமை இருக்குதுங்க.”

தலைவர் சிரித்துவிட்டார். அதிகாரி சிரிக்கவில்லை. மெமோ கைவிடப்பட்டது. குழுவின் அறிக்கை சபைக்குப் போனது, குவார்ட்டர்ஸும் எழும்பியது. பணியில் எத்தனையோ பாராட்டு வாங்கியிருக்கிறேன், ஆனால் அன்று பேசியதை நினைத்தால்தான் இன்றும் என் நெஞ்சு நிமிர்கிறது. புதிதாக வேலைக்கு வரும் பெண்களே, தனியாகக் கேட்டால் குற்றமாகும் கேள்வியைச் சங்கமாகக் கேட்டால் அது உரிமை. சந்தா கட்ட யோசிக்காதீர்கள்.

செல்வி புது குவார்ட்டர்ஸில் பால் காய்ச்சிக் குடிபோன அன்று நாங்கள் சிலர் கூட இருந்தோம். கடைசி பஸ் இறங்கிப் போய்விட்டது. வாசலில் ஒருவர் மனைவியைத் தாங்கிப் பிடித்தபடி குரல் கொடுத்தார்.

“நர்சம்மா, வூட்ல இருக்கீங்களா?”

அந்த நேரத்தில் அந்த மலையில் யாரும் கேட்டிராத கேள்வி அது. செல்வி டீ டம்ளரை என் கையில் திணித்துவிட்டு ஓடினாள்.

“இருக்கேன், உள்ள வாங்க!”