கியூடெக்ஸ் பூசின தகடு

அஞ்சாம் வகுப்போட படிப்பை விட்டவள் நான். எழுத்து கோணலாத்தான் வரும், மறதியும் இரிக்கி. பொறுத்துக்கொள்ளுங்க.

நேத்து மகள்ட பிள்ளை நகத்துக்குக் கியூடெக்ஸ் பூசினாள். அந்த வாசத்துக்குக் கல்முனையில எங்கட பழைய குசினி ஞாபகம் வந்திட்டுது.

நோன்பு முடியிற நேரம். என்ட அண்ணன், எங்கட பேச்சில காக்கா, சொந்தமா ரேடியோ செய்தார். "பிறை கண்ட செய்திய இந்தமுறை நம்மட ரேடியோவில கேப்பம்" எண்டு உம்மாக்குச் சொல்லியும் போட்டார். அதுக்குச் செம்பு ஒட்டின தகட்டில கரண்டு ஓடுற பாதையளக் கியூடெக்ஸால மெல்லிசாக் கோடு கீறவேணும். பெருநாளைக்கு ஈர்க்கால மருதோண்டி போட்டுப் பழகின கை எண்டு என்னட்டத் தந்தார்.

உம்மா போத்தலைக் கண்டிட்டா.

"ஆருக்கு மகன் இது? நகத்தில இதிருந்தா தண்ணி படாது, தொழுகைக்கு எடுக்கிற வுளு கூடாதே."

"நகத்துக்கில்ல உம்மா, தகட்டுக்கு. தண்ணி படாம இரிக்கத்தான்."

"அப்ப சரி. தகடு தொழவா போகுது?"

கைப்பழக்கத்தில மூலையில ஒரு பூவும் வச்சிட்டன். கோடு கோட்டோட முட்டினா ரேடியோ பாடாதாம். காக்கா உத்துப் பாத்தார்.

"பூ ஒண்டிலயும் முட்டல்ல. கிடக்கட்டும் புள்ள."

தகட்டை மருந்துத் தண்ணியில போட்டார். பூசாத செம்பெல்லாம் கரைஞ்சு, கோடும் பூவும் மிஞ்சிச்சு.

பிறை கண்ட செய்தி அந்த ரேடியோவிலதான் வந்தது. உம்மா அழுதுகொண்டே கையேந்தித் துஆக் கேட்டா. உள்ளுக்க பூ இரிக்கிறது எனக்கும் காக்காக்கும் மட்டும்தான் தெரியும்.

அந்த மருந்துத் தண்ணிட பேர் மறந்திட்டுது. செய்முறையில பிழை இரிந்தா தெரிஞ்ச ஆராவது பாத்துத் திருத்துங்க. காக்கா இரிந்தா அவரட்டக் கேட்டிருப்பன்.