வெள்ளையம்மாள் அக்காவின் மவுசரும் மாறிப்போன போல்ட்டும்

1. மூடாத போல்ட்

மூட வேண்டிய போல்ட் மூடவில்லை. செம்பட்டி லாரி முதலாளியின் ரைபிளை மேசையில் வைத்து, உள்ளே கேஜைப் போட்டு, போல்ட்டின் கைப்பிடியைக் கீழே அழுத்தினேன். பாதி வழியில் நின்றுவிட்டது. கேஜ் என்பது தோட்டாவின் அளவுக்குக் கடைந்த எஃகுக் கட்டை. அதன்மேல் போல்ட் ஆட்டமில்லாமல் மூடினால் ரைபிள் நலம். மூடாவிட்டால் ஒன்று உள்ளே அழுக்கு இருக்க வேண்டும், அல்லது அந்த போல்ட் அந்த ரைபிளுடையது இல்லை. துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன். அழுக்கு என் வேலையில்தான் இருந்தது.

அதே மாடலில் இன்னொரு ரைபிளையும் அன்று காலையில்தான் உடையவரிடம் கொடுத்தனுப்பியிருந்தேன். எரியோடு என்ற ஊரில் இருக்கும் வெள்ளையம்மாள் அக்காவுடையது. ஆக, அவருடைய போல்ட் என் கையில் இருந்தது, லாரி முதலாளியின் போல்ட் எரியோட்டில் இருந்தது.

இந்தத் தொழில் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். போல்ட் என்பது ரைபிளின் பின்பக்கக் கதவு. வெடிப்பு அந்தக் கதவுக்கு முன்னால் நடக்கிறது, சுடுகிறவரின் முகம் ஒரு சாண் பின்னால் இருக்கிறது. மவுசர் மாடலில் போல்ட்டின் முனையில் இரண்டு காதுகள் இருக்கும். அவை ரைபிளின் உடம்பில் உள்ள பள்ளத்தில் போய் உட்காரும். ஒவ்வொரு போல்ட்டையும் அதனதன் ரைபிளுக்குப் பொருத்திப் பார்த்துத்தான் நம்பர் அடிப்பார்கள். ஒரே மாடல் என்பதால் ஒன்றின் போல்ட் இன்னொன்றிலும் நுழைந்துவிடும். நுழையாமல் இருந்தால் நான் இதை எழுதவே வேண்டியிருக்காது.

அக்காவின் ரைபிள் பழசு, உள்ளே தேய்ந்தது. அதன் போல்ட் செம்பட்டிக்காரருடையதில் இறுக்கிப் பிடித்தது என்றால், செம்பட்டி போல்ட் அக்காவுடையதில் தொளதொளவென்று உட்காரும். அந்த இடைவெளியில் தோட்டாவின் பித்தளைக் கூடு கிழியும். நெருப்பும் பித்தளைத் துண்டும் பின்பக்கமாக முகத்துக்கு வரும். முதலில் போவது கண்.

மணி மூன்று ஆகப்போகிறது. அக்கா நான்கு மணிக்குச் சுடப் போகிறார். எனக்கே அழைப்பு வைத்துவிட்டுப் போயிருந்தார்.

2. பளபளப்பு

திண்டுக்கல்லில் பூட்டுப் பட்டறையில் அரம் பிடித்துக்கொண்டிருந்தவன் நான். அங்கிருந்து லைசென்ஸ் உள்ள ஒரு துப்பாக்கிக் கடைக்கு மெக்கானிக்காக வந்து, இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்து, போன வருடம்தான் ஓய்வு பெற்றேன். அத்தனை வருடத்தில் வேட்டைக்குப் போன வேட்டைத் துப்பாக்கி ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை. போனால் வனத்துறை நம்மை வேட்டையாடும். எங்கள் பக்கத்துத் துப்பாக்கிகள் அதிகம் பயணம் செய்வது தேர்தலுக்குத்தான். தேர்தல் அறிவித்ததும் லைசென்ஸ்தாரர்கள் எல்லோரும் துப்பாக்கியை ஸ்டேஷனிலோ கடையிலோ ஒப்படைக்க வேண்டும். முடிவு வந்தபிறகு திரும்ப வாங்கிக்கொள்ளலாம். வேட்பாளர்களை யாரும் அப்படிப் பூட்டி வைப்பதில்லை.

வெளிநாட்டு ரைபிளுக்கு ஒரு தென்னந்தோப்பை விற்க வேண்டும். அதனால் எங்கள் விவசாயிகள் நம் நாட்டிலேயே செய்து கைமாறி வந்த பழைய மவுசர் மாடலை வாங்குவார்கள். வாங்கிய மறுநாளே வெளிநாட்டுச் சாமான் மாதிரி ஆக்கித்தரச் சொல்லி என்னிடம் வருவார்கள். பாதிப் பேருக்கு நான் செய்த பெரிய இம்ப்ரூவ்மென்ட், உள்ளே காய்ந்து கோந்தாகிப் போன தேங்காய் எண்ணெயைக் கழுவி எடுத்ததுதான். தலைக்குத் தேய்ப்பதையே துப்பாக்கிக்கும் தேய்த்திருப்பார்கள். டிரிகர் அசையவில்லை என்றால் கம்பெனிக்காரனுக்குத் திட்டு விழும்.

வெள்ளையம்மாள் அக்காவின் ரைபிளில் உண்மையிலேயே வேலை இருந்தது. அது அவர் கணவருடையது. அவர் ஆறடி ஆள், அக்கா ஐந்தடிக்கும் குறைவு. கணவர் இறந்தபின் லைசென்ஸைப் போராடித் தன் பெயருக்கு மாற்றியிருந்தார். தோப்புக்குள் தனி வீடு. மக்காச்சோளத்தில் பன்றி இறங்கினால் சத்தம் போட்டு விரட்டவும், வீட்டில் துப்பாக்கி இருக்கிறது என்று ஊருக்குத் தெரியவும் அவருக்கு அது வேண்டும். கொழுந்தனார் மட்டும், பொம்பளைக்கு எதற்கு ரைபிள், என் பெயருக்கு மாற்றிவிடு என்று நச்சரித்துக்கொண்டிருந்தார்.

தோளில் வைக்கும் மரக்கட்டையான ஸ்டாக்கை நான் இரண்டு அங்குலம் வெட்டிக் குறைத்தேன். கட்டையின் முடிவில் தோளுக்கு இதமாக ரப்பர் வைத்தேன். மழையில் ஊதிய மரம் குழலை இடித்துக்கொண்டிருந்தது. ஒரு பத்து ரூபாய் நோட்டு குழலுக்கும் மரத்துக்கும் நடுவே தடையில்லாமல் போய்வரும் வரை இழைத்தேன். அதோடு நிறுத்தியிருந்தால் நான் நல்ல மெக்கானிக். பளபளவென்று இருந்தால் கொழுந்தனார் கண் கூசும் என்று அக்கா சொன்னார். போல்ட்டை மெருகேற்றும் பஃபிங் வீலில் கொடுத்து வெள்ளிக் கொலுசு மாதிரி ஆக்கினேன். லைசென்ஸ் புத்தகத்தில் ஏறும் நம்பர் ரைபிளின் உடம்பில் இருக்கிறது, அதைத் தொடவில்லை. போல்ட்டில் இருந்த நம்பர் மட்டும் வீலோடு போய்விட்டது. அதைப் பார்த்த செம்பட்டிக்காரர் தனக்கும் வேண்டும் என்றார். அவர் நம்பரும் போனது.

அந்த நேரத்தில் தேர்தல் வந்தது. இரண்டு ரைபிளும் கடையிலேயே டெபாசிட் ஆயின. போல்ட்டை மட்டும் கழற்றி வேறு பீரோவில் பூட்டுவது எங்கள் கடை வழக்கம். திருடன் வந்தாலும் அவனுக்குக் கிடைப்பது தடிக்கம்புதான். இரண்டு போல்ட்டுக்கும் நல்ல எண்ணெய் பூசி, பெயர் எழுதிய ஸ்டிக்கரை ஒட்டினேன். எண்ணெய்மேல் ஸ்டிக்கர் ஒட்டாது என்பது நோட்டுக்கு அட்டை போடும் பிள்ளைக்குத் தெரியும். இரண்டு மாதம் கழித்து பீரோவைத் திறந்தால் இரண்டு ஸ்டிக்கரும் தட்டின் அடியில் கிடந்தன. என் கை வேலை எனக்குத் தெரியாதா என்ற தைரியத்தில் இரண்டையும் எடுத்து மறுபடி ஒட்டினேன்.

கேஜ் போட்டுப் பார்க்காமல் எதையும் கொடுப்பதில்லை என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டவன் நான். அன்று காலை அக்கா காரோடு வந்து நின்றார். போல்ட்டைப் பார்த்ததும், "ஆரோக்கியம், நகை மாதிரி பண்ணிட்டியேப்பா" என்றார். அந்த ஒரு வார்த்தையில் எனக்குக் கேஜ் மறந்துபோனது. எல்லாம் சரி என்று சொல்லிக் கொடுத்தனுப்பினேன்.

3. கையெழுத்து

அக்காவின் போனுக்கு அடித்தேன். மணி அடித்து அடித்து நின்றது. பழனியில் ஒரு கல்யாணத்தில் இருந்த கடை முதலாளியைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். பந்தியில் இருந்தார் போலிருக்கிறது. மென்றுகொண்டே யோசனை சொன்னார்.

"ஏதோ ரிஜிஸ்டர்ல கையெழுத்து விட்டுப்போச்சுன்னு சொல்லி வாங்கிட்டு வந்துரு. நம்ம தப்புன்னு மட்டும் வாயத் தொறக்காத. கட லைசென்ஸுக்கு வேட்டு வச்சுராத."

சரியான போல்ட்டையும் கேஜையும் துணியில் சுற்றிக்கொண்டு கடை ஸ்கூட்டரில் கிளம்பினேன். வழியில் ரயில்வே கேட் மூடியிருந்தது. காலிச் சரக்கு வண்டி ஒன்று, யாருக்காகவும் அவசரப்படாத நிதானத்தில் போய்க்கொண்டிருந்தது. அதன் பெட்டிகளை எண்ண ஆரம்பித்து, பயத்தில் பாதியில் விட்டுவிட்டேன். அக்கா ஒற்றைக் கண்ணோடு கடைப்படி ஏறி வருவது போலவே மனதில் ஓடியது.

தேர்தல் முடிந்து வரும் துப்பாக்கிக்கு அவர் வீட்டில் ஒரு மரியாதை உண்டு. சந்தனம் குங்குமம் வைத்து, தேங்காய் உடைத்து, கிணறு வெட்டிய மண் குவிந்த மேட்டில் ஒரே ஒரு குண்டு சுடுவார்கள். சட்டம் இதற்கு என்ன சொல்லும் என்று யாரும் போய்க் கேட்டதில்லை. கணவர் இருந்தவரை அவர் சுட்டார். இந்த முறை அக்கா சுடுவதைப் பார்க்கச் சொந்தக்காரர்கள் பத்துப் பதினைந்து பேர் கூடியிருந்தார்கள். கொழுந்தனார் முன்வரிசையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

நான் போய்ச் சேர்ந்தபோது தேங்காய் உடைத்தாகிவிட்டது. அக்கா தோட்டாவை உள்ளே தள்ளிக்கொண்டிருந்தார். ஸ்கூட்டரை அப்படியே கீழே போட்டுவிட்டு ஓடினேன். முதலாளி சொல்லிக்கொடுத்த பொய்தான் முதலில் வந்தது. கையெழுத்து ஒன்று விட்டுப்போச்சு, துப்பாக்கியைக் கடைக்குக் கொண்டுபோக வேண்டும் என்றேன்.

"அதுக்கா இம்புட்டுத் தூரம் ஓடியாந்த? செத்த நேரம் இரு. ஒரு குண்டு போட்டுட்டுத் தாரேன்."

போல்ட்டை மூடினார். வெண்ணெயில் கத்தி போல இறங்கியது. அவ்வளவு லேசாக அது இறங்கக் கூடாது என்பது அந்தக் கூட்டத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும். கொழுந்தனார், அண்ணிக்குக் கை நடுங்குது, ஆம்பளயாப் பார்த்துக் குடுங்க என்றார். அக்கா கட்டையைத் தோளில் வைத்தார். நான் நேரே போய்க் குழலைப் பிடித்து மண்மேட்டுப் பக்கமே அழுத்தினேன்.

"அக்கா, சுடாதீங்க. போல்ட்டு மாறிப்போச்சு. இது வேற ஆளு போல்ட்டு. சுட்டா உங்க கண்ணு போயிரும். தப்பு என்னோடது."

அக்கா என்னையே பார்த்தார். பிறகு மெதுவாகப் போல்ட்டைத் திறந்து, தோட்டாவை எடுத்து முந்தியில் முடிந்துகொண்டார்.

"இத மொதல்லயே சொல்றதுக்கென்ன? கையெழுத்துங்குற."

எனக்கு அழுகை வந்துவிட்டது. வந்ததை மறைக்கவில்லை.

4. முதல் குண்டு

கொழுந்தனார் எழுந்தார். இதற்குத்தான் சொன்னேன், பொம்பளை கையில் இருந்தால் இப்படித்தான் என்று ஆரம்பித்தார். மாற்றிக் கொடுத்தது மீசை வைத்த ஆம்பளை என்று அக்கா என்னைக் காட்டினார். கூட்டம் சிரித்தது. எனக்கும் சேர்த்துத்தான் அடி. வாங்கிக்கொண்டேன்.

அங்கேயே போல்ட்டை மாற்றினேன். கேஜ் போட்டேன், ஆட்டமில்லாமல் மூடியது. எடுத்துவிட்டு மறுபடி போட்டேன், மூடியது. எண்ணெயைத் துடைத்தேன். எல்லாம் சரி, இனி தைரியமாகச் சுடலாம் என்று ரைபிளை நீட்டினேன். அக்கா வாங்கவில்லை. முந்தியை அவிழ்த்துத் தோட்டாவை என் உள்ளங்கையில் வைத்தார்.

"காலைலயும் இதத்தான் சொன்ன. மொதக் குண்டு நீ சுடு."

தோட்டாவைப் போட்டு மூடினேன். போல்ட் கொஞ்சம் முறுக்கிக்கொண்டுதான் இறங்கியது, அப்படித்தான் இறங்க வேண்டும். அவர் உயரத்துக்கு வெட்டிய கட்டை எனக்குக் குட்டையாக இருந்தது. குனிந்து கன்னத்தை வைத்தேன். என் மூக்குக்கு நேர் முன்னால், நானே தேய்த்த போல்ட் பளபளத்தது. இத்தனை வருடமாக மற்றவர்களின் கன்னத்தை இந்த இடத்துக்கு அனுப்பியிருக்கிறேன், எல்லாம் சரி, எல்லாம் சரி என்று. அந்த வார்த்தையைச் சொல்லும்போது நான் எப்போதும் மேசைக்கு இந்தப் பக்கம் இருந்திருக்கிறேன். இப்போது வேலையைத் தொடங்குகிற இளைஞர்களுக்கு என்னிடம் வேறு பாடம் இல்லை. ரைபிளோ, பம்ப்செட்டோ, கரண்ட் கம்பியோ, சரி என்று சொல்லும் முன் ஒருமுறை அந்தப் பக்கம் போய் நின்று பாருங்கள்.

டிரிகரை இழுத்தேன். மண்மேட்டில் புழுதி எழுந்தது. தென்னையில் இருந்த கிளிகள் எல்லாம் பறந்தன. தோள் வலித்தது.

அக்கா பக்கத்தில் வந்து, என் தாடையைப் பிடித்துத் திருப்பி, முகத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார்.

"ரெண்டு கண்ணும் இருக்கு. இப்பக் குடு" என்று கை நீட்டினார்.